சேம்புக் காட்டைத் தானம் செய்த சார்ஜென்ட்

சார்ஜென்ட் மாவேயு தன் மனைவியின் சேம்புக் காட்டை ஊருக்குத் தானமாக அறிவித்தபோது, அந்த மனைவி கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்து கத்தாழை நாரைத் தொடையில் வைத்துத் திரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. திரித்த நார் அவிழ்ந்துகொண்டது. பக்கத்தில் இருந்த மும்புவா குனிந்து கேட்டாள்.

"கலுண்டே, உன் ஓடைக்காட்டையா சொல்றாரு?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்."

மேடை என்பது கவிழ்த்துப் போட்ட ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டி. அதுவும் எதிர்வேட்பாளர் கிசிலுவின் கடையில் இரவல் வாங்கியது. அதன்மேல், கித்தூவா மலையே காய்ந்து வெடித்துக் கிடந்த பிப்ரவரி வெயிலில், முழங்கால் வரை தொங்கும் பட்டாளத்துக் கம்பளிக் கோட்டுடன் மாவேயு நின்றார். வேர்வை தாடையிலிருந்து சொட்டி நெஞ்சிலிருந்த இரண்டு பதக்கங்களில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. பட்டாளத்துக்காரன் கூட்டத்துக்கு முன்னால் முகம் துடைக்கமாட்டான்.

"என்னை மாவட்டக் கவுன்சிலுக்கு அனுப்புங்க! அனுப்பின மறுநாளே ஓடைக்கரையில இருக்கிற என் நிலத்துல கவுன்சில் மண்டபம் எழும்பும். தகரக் கூரை! சிமென்ட்டுத் தரை! வாசல்ல என் பேரு! எனக்கு ஒரு சதம்கூட வேண்டாம்!"

ஊர் கைதட்டியது. அடுத்தவள் வீட்டு அடுப்பில் பொங்குவதைப் பார்த்துக் கைதட்ட யாருக்குத்தான் வலிக்கும்?

ஆனால் தட்டி முடித்த கையோடு எல்லாத் தலையும் கலுண்டேயின் பக்கம் திரும்பியது. ஒரு மனைவி தன் மண்வெட்டியால் கொத்திப் பண்படுத்திய நிலத்தை, அவள் வாயிலிருந்து சம்மதம் வராமல் புருஷன் தூக்கிக் கொடுக்க முடியாது. நைரோபிக்குக் கிழக்கே வாழும் கம்பா மக்களில் இது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். கலுண்டே தலையைக் குனிந்துகொண்டாள். அத்தனை பேர் நடுவில் புருஷனை மறுத்துப் பேசும் வழக்கம் அந்த மலையில் இல்லை. மறுத்துப் பேசாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் இருந்தது.

அந்த ஓடைக்காடு அவளுக்கு என்ன என்று சொல்ல வேண்டுமானால், அவர் பட்டாளத்துக்குப் போன நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதாம் ஆண்டு, உலகப்போருக்கு ஆள் சேர்க்கும் லாரி ஒன்று சந்தைக்கு வந்தது. லாரியோடு ஒரு வாத்தியக் குழுவும் வந்தது. ஆடு விற்கப் போயிருந்த மாவேயு, பித்தளைக் குழலை அருகில் பார்க்கலாம் என்று லாரியில் ஏறினார். பாட்டு முடிந்தபோது லாரி மச்சாகோஸ் நகரத்துச் சாலையில் பாதி தூரம் போயிருந்தது. பின்னாளில் இதையே அவர், "மன்னர் கூப்பிட்டார், போனேன்" என்று சொன்னார். ஆடு மட்டும் தானாக வீடு வந்து சேர்ந்தது. கலுண்டே அப்போது இடுப்பில் மூத்தவன் கிமேயுவோடும் வயிற்றில் அடுத்ததோடும் வாசலில் நின்றிருந்தாள். ஆட்டைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள், மறுபடி ஆட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புருஷன் எழுதிய முதல் கடிதம் அந்த ஆடுதான்.

பட்டாளத்தில் மாவேயுவுக்கு ஒரே ஒரு வேலை நன்றாக வந்தது. குரல். மைதானத்தின் இந்தக் கோடியில் அவர் கத்தினால் அந்தக் கோடியில் இருநூறு கால்கள் ஒன்றாகத் திரும்பும். அதனால் அவரைத் துப்பாக்கிப் பக்கம் அதிகம் விடாமல், புதிதாகச் சேர்ந்தவர்களை வரிசையில் நிறுத்தி நடக்கப் பழக்கும் வேலையில் வைத்தார்கள். இலங்கைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கேயும் வரிசை. பிறகு பர்மாவுக்கு. காட்டுக்குள் போன மூன்றாம் வாரம் மலேரியா வந்து ஆஸ்பத்திரியில் விழுந்தார். எழுந்து வெளியே வந்தபோது சண்டை அடுத்த மலைக்கு நகர்ந்திருந்தது. முகாமில் மிச்சமிருந்த ஒரே உரத்த குரல் அவருடையது என்பதால் சார்ஜென்ட் ஆக்கினார்கள். "ஜப்பான்காரன் என் குரலைக் கேட்டே ஓடினான்" என்று அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. குரலைத் தவிர அவர் வேறெதையும் அங்கே அனுப்பவில்லை.

அந்த ஆண்டுகளில்தான் கித்தூவா மலையில் மழை பொய்த்தது. மேட்டு நிலத்தில் சோளம் முழங்கால் உயரத்தில் வெளுத்து நின்றது. பயறு பூவோடு கருகியது. கலுண்டே ஓடைக்கரைக்கு இறங்கினாள். கோரையும் முள்ளும் மண்டிய சதுப்பு அது. பாம்புக்குப் பயந்து யாரும் கால் வைக்காத இடம். முதுகில் ஒரு பிள்ளை, கரையில் ஒரு பிள்ளை, கையில் உடைந்த மண்வெட்டி. நாற்பது நாள் கொத்தினாள். அண்ணன் வீட்டிலிருந்து சேம்பு விதைக்கிழங்கு கேட்டு வாங்கி நட்டாள். ஆனால் பசிக்குக் காத்திருக்கத் தெரியாது. சேம்புக்கு அவசரப்படத் தெரியாது. முதல் கிழங்கு விளைவதற்கு ஒன்பது நாள் முன்னால் சின்னவள் இந்திண்டா கண்ணை மூடினாள். மூன்று வயது. கிமேயு பிழைத்தான். அவனைப் பிழைக்க வைத்தது அந்தக் கிழங்கு.

முதல் கிழங்கு தோண்டிய வாரம்தான் இலங்கையிலிருந்து தபால் வந்தது. உள்ளே ஒரு புகைப்படம். துணியில் வரைந்த தென்னைமரம், துணியில் வரைந்த கடல். முன்னால் மாவேயு, யாருடையதோ ஒரு துப்பாக்கியோடு, கன்னம் உப்ப நின்றிருந்தார். கலுண்டே அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூரைச் செருகலில் வைத்துவிட்டு, கிழங்கை வேகவைக்கப் போனாள். அழுகை வந்தது, ஆனால் அடுப்புப் புகையில் எது அழுகை, எது புகை என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

நாற்பத்தாறில் அவர் திரும்பினார். ஒரு மரப்பெட்டி, ஒரு கம்பளிக் கோட்டு, ஒரு விசில், இரண்டு பதக்கம். போருக்குப் போன எல்லோருக்கும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்த அதே பதக்கங்கள்.

முதல் வாரம் கலுண்டேக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. விடிந்ததும் விசில். வீட்டு வாசலில் மனைவி, மகன், இரண்டு பசு, பதினொரு ஆடு எல்லாம் அணிவகுக்க வேண்டும். ஆடுகள்தான் ஒழுங்காக நிற்கவில்லை. மூன்றாம் வாரம் சிரிப்பு நின்றது. பானைகளை உயர வரிசையில் அடுக்கச் சொன்னார். பெரிய பானை அடியில் இருந்தால்தான் சின்னது அதற்குள் அடங்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"என்கிட்ட விளக்கம் சொல்லாதே. உத்தரவுன்னா உத்தரவு."

"சரி. சாப்பாடு எப்ப வேணும்னு பானைகிட்டயே உத்தரவு போட்டுக்குங்க, கிமேயு அப்பா."

பிறகு அவர் விவசாயி ஆனார். ஆனார் என்பதைவிட, ஒருநாள் காலையில் அறிவித்தார் என்பதே சரி. மண் அரிப்பைத் தடுக்க மலைச்சரிவில் படிப்படியாக வரப்பு வெட்டச் சொல்லி அரசாங்கம் நெருக்கிக்கொண்டிருந்த காலம். "இலங்கை மலையெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கும். நான் கண்ணால பார்த்தவன்" என்றார் மாவேயு. பார்த்தது நிஜம். ஆனால் அந்தப் படிகள் மலையின் வயிற்றை ஒட்டி வளைந்து போகும் என்பதை அவர் கண் கவனிக்கவில்லை. வரிசையாக இருந்தது என்பது மட்டும் மனதில் பதிந்திருந்தது. இந்தக் கோடியில் ஒரு முளை, அந்தக் கோடியில் ஒரு முளை, நடுவில் கயிறு. மேடு பள்ளம் எதுவும் பாராமல் அம்பு மாதிரி நேராக ஏழு வரப்பு குறித்தார்.

வெட்ட வந்தது முவேத்யா. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வீட்டுக்கொருவராகச் சேர்ந்து, இன்று உன் நிலம் நாளை என் நிலம் என்று முறைவைத்துக் கொத்தும் கூட்டம் அது. ஆண்களில் பாதிப் பேர் நைரோபிக்கு வேலைக்குப் போய்விட்டதால் அதில் பெண்கள்தான் அதிகம். முன்னால் ஒருத்தி பாட்டெடுப்பாள். மற்றவர்கள் பதில் பாடிக்கொண்டே கொத்துவார்கள். பாட்டுக்காரி எந்தப் பக்கம் நகர்கிறாளோ அந்தப் பக்கம் எல்லோரும் நகர வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது; கேட்டால் தாளம் கெடும். கித்தூவா முவேத்யாவின் பாட்டுக்காரி கலுண்டே.

அவள் கயிற்றைப் பார்த்தாள். சரிவைப் பார்த்தாள்.

"கிமேயு அப்பா, இந்த எடத்துல நெலம் தாழுது. தண்ணி இங்க வந்து தேங்கி ஒடைச்சிக்கிட்டுப் போகும். கொஞ்சம் வளைச்சு வெட்டலாமே."

"வளைஞ்ச வரிசை வரிசையே இல்ல!"

"தண்ணி உங்க பட்டாளத்துல சேரலையே."

"வெட்டுன்னா வெட்டு!"

வெட்டினார்கள். மழை வந்தது. முதல் வரப்பில் ஓடிய தண்ணீர் பள்ளத்தில் கூடி, உடைத்து, இரண்டாவதில் இறங்கி, அங்கிருந்து மூன்றாவது என்று ஏழு வரப்பையும் முறைப்படி கடந்து போனது. விடிந்தபோது மேட்டு நிலத்தின் நல்ல மண் முழுவதும் கீழே கிசிலுவின் தோட்டத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டு கிசிலுவுக்குச் சோளம் அமோகம்.

முவேத்யாவுக்கு இது போதாதா? அடுத்த நிலத்தில் மும்புவா வாயிலிருந்து பாட்டு பிறந்தது. மேகத்துக்கு 'நில்!' என்று உத்தரவு போட்ட சார்ஜென்ட்டைப் பற்றி, மண்ணையெல்லாம் அணிவகுத்து அடுத்தவன் தோட்டத்துக்கு அனுப்பிய சார்ஜென்ட்டைப் பற்றி. கலுண்டே அந்தப் பாட்டை மட்டும் எடுக்கமாட்டாள். ஆனால் மற்றவர்கள் பாடும்போது அவள் மண்வெட்டி நின்றதும் இல்லை. பாட்டு மலையை விட்டு இறங்கிச் சந்தைக்குப் போனது. சந்தையிலிருந்து மச்சாகோஸ் பஸ்ஸில் ஏறியது.

வேறு யாராக இருந்தாலும் கூனிக் குறுகிப் போயிருப்பார். மாவேயுவின் தோள் விரிந்தது.

"என் பேரு தெரியாத ஆள் இந்த வட்டாரத்துல உண்டா சொல்லு!"

"இல்லதான்."

"அப்பறம்? கவுன்சிலுக்கு நிக்க வேற என்ன தகுதி வேணும்?"

 ஏற்கெனவே கவுன்சிலில் இருந்தவர்களைக் கலுண்டே நினைத்துப் பார்த்தாள். வேறு தகுதி எதுவும் அவள் நினைவுக்கு வரவில்லை.

இப்படித்தான் ஐம்பத்தொன்றாம் ஆண்டு அந்த மண்ணெண்ணெய்ப் பெட்டிமேல் அவர் ஏறினார். ஏறியவர் மனைவியின் காட்டை வாரிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

மறுநாள் காலை, பால் கறந்துகொண்டே கலுண்டே கேட்டாள்.

"மேட்டு நெலம் சும்மா கெடக்கே. மண்டபத்தை அங்க கட்டச் சொல்லக் கூடாதா?"

"அங்க தண்ணி இல்ல. துரை வந்தா முகம் கழுவத் தண்ணி வேணாமா?"

"துரை வருஷத்துக்கு ஒருதரம் முகம் கழுவ, நான் வருஷம் முழுக்க எதை வச்சு வயிறு கழுவ?"

"ஏய்! பெரிய காரியத்துல பொம்பளைப் பேச்சு எதுக்கு? நாலு கிழங்கு. கடையில வாங்கித் தரேன்."

"இந்திண்டா கண்ணை மூடுன வருஷம் கடை எங்க இருந்தது?"

 அந்தப் பெயர் வந்தால் அவர் எப்போதும் எழுந்து போய்விடுவார். கோட்டைத் தட்டி உதறி மாட்டிக்கொண்டு போனார். பிள்ளை போன துக்கம் அவருக்கும் இருந்ததா, அது எந்தப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது, அவளுக்குத் தெரியாது. பசு காலை உதைத்தது. பால் கொட்டியது.

தேர்தலுக்கு முதல்நாள் மும்புவாவின் நிலத்தில் முவேத்யா. கொத்தி முடித்து, வேகவைத்த சோளமும் பயறும் தின்னும்போது பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு எங்க நிக்கப்போற, கலுண்டே?"

"அவர் பின்னாலதான். வேற எங்க நிப்பேன்?"

"காடு போயிருமே!"

"போகும்."

"அப்ப நாங்க?"

"உங்க இஷ்டம்."

"என்ன இஷ்டம்? பாட்டுக்காரி ஒருபக்கம், கூட்டம் ஒருபக்கமா? அப்படி நின்னா அதுக்கப்பறம் யார் நெலத்துல யார் கொத்துவா?" என்று மும்புவா பெருமூச்சு விட்டாள். "நல்லா மாட்டுனோம். அந்த ஆள் பின்னால நிக்கிறதுக்கு என் காலை நானே வெட்டிக்கலாம்."

"வெட்டிக்கோ. ஆனா அவரு ஒத்தக்காலையும் வரிசையில நிறுத்துவாரு" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். கலுண்டேயும் சிரித்தாள். சிரித்த வாயைக் கையால் பொத்தியபோது கண் நிறைந்திருந்தது. கட்டினவனுக்கு ஊர் நடுவில் முதுகு காட்டுவதா? பெற்றதைப் பிழைக்கவைத்த மண்ணுக்கு முதுகு காட்டுவதா? அன்று அவள் ஓடைக்காட்டுக்குப் போய் ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். பிறந்த வீட்டுக்கு வந்துபோகும் மகளைத் தொடுவது போல.

தேர்தல் பெரிய அத்திமரத்தடியில். முறை எளிது. இரண்டு வேட்பாளரும் முப்பது அடி இடைவெளியில் நிற்க வேண்டும். வீட்டுக்கு ஒரு தலை என்று வந்து, பிடித்தவர் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். ஆண் இல்லாத வீட்டுக்குப் பெண் நிற்கலாம். மாவேயு வேட்பாளர் என்பதால் அவர் வீட்டுத் தலை கலுண்டே. தேர்தல் நடத்த வந்த வெள்ளைக்காரத் துரை கூடாரத்திலிருந்து வெளியே வந்து உத்தரவு கொடுக்கும்வரை இங்குமங்கும் மாறலாம். உத்தரவு வந்த பிறகு யாரும் அசையக் கூடாது. குமாஸ்தா தலையை எண்ணிக்கொண்டு போவார். யார் எந்த வரிசையில் நிற்கிறாரோ, அந்த வரிசையின் கணக்கு.

கிசிலு வாயில் பொடி அடக்கிக்கொண்டு ஒருகாலில் சாய்ந்து நின்றார். அவர் பின்னால் கடன் சொல்லிச் சாமான் வாங்கியவர்களும், இனி வாங்க நினைத்தவர்களும் கோணல்மாணலாக நின்றார்கள். மாவேயு பின்னால் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களும் அவர்கள் உறவுமாக அறுபது எழுபது ஆண்கள். கலுண்டே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக நடந்து, புருஷனுக்கு அடுத்த இடத்தில், அவர் நிழலில் நின்றாள். அவள் பின்னால் மும்புவா. மும்புவா பின்னால் முவேத்யா முழுவதும், முதுகில் பிள்ளையோடும் நெற்றிப்பட்டையில் தொங்கும் கூடையோடும். கண்ணுள்ள யாருக்கும் தெரிந்தது: மாவேயு ஜெயித்துவிட்டார். கிசிலுவே பொடியைத் துப்பிவிட்டார்.

மாவேயு செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்பது.

அவர் திரும்பிப் பார்த்தார்.

ஐயோ, என்ன கண்டார்! ஒருத்தி இடப்பக்கம் பிதுங்கி நின்றாள். ஒருவர் உட்கார்ந்தே விட்டார். குட்டையும் நெட்டையும் கலந்து, பிடுங்கிப்போட்ட பல்வரிசை மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் துரை வெளியே வந்து இதைப் பார்ப்பார். மாவேயுவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"என்ன வரிசை இது? ஆட்டுமந்தையா? உயரம் முன்னால! குட்டை பின்னால! கூடையை எறக்கு! ஏய், நீ, பிள்ளை எதுக்கு அழுது? அமுக்கு!"

"பசிக்குது, அழுது. அதுக்கும் உத்தரவு வாங்கணுமா?" என்றாள் பிள்ளைக்காரி.

"பேசாதே! உயரம் முன்னால!"

"ஏன்யா மாவேயு, ஓட்டுப் போடத்தானே வந்தோம்? ஜப்பானுக்கா போறோம்?" என்று ஒரு கிழவர் முனகினார். அவரையும் தோளைப் பிடித்து நான்கு இடம் பின்னால் தள்ளினார். வரிசை கலைந்து, மோதி, முனகி, மறுபடி அமைந்தது. கடைசியில் அவர் கண் முதல் இடத்தில் விழுந்தது. அங்கே, அவர் மார்பளவே உயரமுள்ள கலுண்டே.

"நீ என்ன இங்க? இருக்கிறதுலயே குட்டை நீதான். பின்னால போ."

"நான் உங்க பொண்டாட்டி. உங்களுக்கு அடுத்து நிக்கணும்னுதான்..."

"வரிசையில பொண்டாட்டி கிடையாது! பின்னால போன்னா போ!"

சிரிப்பு ஒன்று எங்கோ கிளம்பி அடங்கியது. கலுண்டே ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். ஆறு வருஷம் ஆடு வந்த பாதையைப் பார்த்திருந்தவள், அன்றுதான் அந்த முகத்தை முழுசாகப் பார்த்தாள் என்று தோன்றியது. பிறகு சொன்னாள்:

"உத்தரவு."

நடந்தாள். பத்தாவது ஆளைக் கடந்தாள். ஐம்பதாவது ஆளைக் கடந்தாள். வரிசையின் வால் வந்தது. அங்கே நிற்க வேண்டும். அவள் கால் நிற்கவில்லை. மனசு நில் என்றது, கால் கேட்கவில்லை. வாலைச் சுற்றித் திரும்பி, முப்பது அடி வெட்டவெளியைக் கடந்து, கிசிலுவின் வரிசைக் கடைசியில் போய் நின்றாள்.  தலையை நிமிர்த்தவில்லை.

மும்புவா பார்த்தாள். பாட்டுக்காரி நகர்ந்துவிட்டாள். ஏன் என்று கேட்கும் வழக்கம் இல்லை. இன்று கேட்க ஆசையும் இல்லை. கூடையை எடுத்துத் தலையில் மாட்டினாள். அவள் பின்னால் அடுத்தவள். அதன் பின்னால் அடுத்தவள். உயர வரிசைப்படி, அழகாக, ஒருத்தி அடி ஒருத்தி மிதித்து எழுபது எண்பது பெண்கள் வெட்டவெளியைக் கடந்தார்கள். மாவேயுவின் வாழ்நாளிலேயே அவ்வளவு ஒழுங்கான அணிவகுப்பு அவருக்கு அமைந்ததில்லை.

"ஏய்! நில்லு! எங்க போறீங்க? திரும்பு! திரும்புன்னு சொல்றேன்!"

கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். கோட்டு காலில் தடுக்கியது. கிசிலுவின் வரிசைக்குள் புகுந்து மும்புவாவின் கூடையைப் பிடித்து இழுத்தார். அந்த நேரம் பார்த்துக் கூடாரத்துத் துணி விலகியது. துரை தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து, பட்டாளத்துக் குரலில் ஒரே வார்த்தை கத்தினார். அப்படியே நில் என்று.

அவ்வளவுதான். மாவேயுவின் குதிகால்கள் இரண்டும் தாமாகச் சேர்ந்தன. முதுகு நிமிர்ந்தது. கை தொடையோடு ஒட்டியது. மனசு 'ஓடு, உன் இடத்துக்கு ஓடு' என்று அலறியிருக்க வேண்டும். முகம் சிவந்து வெடிக்கும்போல் இருந்தது. ஆனால் ஆறு வருஷம் பழக்கிய உடம்பு எதிராளியின் வரிசையில் மும்புவாவுக்கும் ஒரு பிள்ளைக்காரிக்கும் நடுவே விறைத்து நின்றது.

குமாஸ்தா எண்ணிக்கொண்டே வந்தார். மாவேயுவின் முன் நின்றார். பென்சிலைக் காதில் செருகி, மறுபடி எடுத்தார்.

"சார்ஜென்ட்... உங்களையும் சேர்த்து எண்ணவா?"

அணிவகுப்பில் நிற்பவன் பேசக் கூடாது. மாவேயு பேசவில்லை.

"எண்ணிக்கோ எண்ணிக்கோ. நல்ல மனுஷன் ஓட்டு" என்றாள் மும்புவா.

கிசிலுவுக்கு இருநூற்றுப் பதினொன்று. மாவேயுவுக்கு அறுபத்தெட்டு. இருநூற்றுப் பதினொன்றில் ஒன்று மாவேயு.

அதற்குப் பிறகு எட்டு நாள் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கலுண்டேயோடு பேசவில்லை. வைத்த களியைத் தின்றார். தின்ற தட்டைத் தள்ளினார். ஒன்பதாம் நாள் கேட்டார்.

"ஏன் அங்க போய் நின்னே?"

"பின்னால போகச் சொன்னீங்க. போனேன்."

"அவ்வளவு பின்னாலயா சொன்னேன்?"

 பொய் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை; நிஜத்தைச் சொல்லவும் வரவில்லை. "காட்டுக்குக் களையெடுக்கப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். காடு தப்பியது. ஆனால் காட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும்போது பாதை முன்னைவிடச் செங்குத்தாக இருந்தது.

தப்பியது என்று அவள் நினைத்தது இரண்டு மாதம்தான். நீண்ட மழை தொடங்கிய வாரம், கவுன்சில் உறுப்பினர் கிசிலு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தார். பின்னால் அளவுச் சங்கிலியோடு அதே குமாஸ்தா.

"கலுண்டே அம்மா, சௌக்கியமா? எதுக்கு இவ்வளவு களையெடுக்கிறீங்க? இன்னும் பத்து நாள்ல இங்க மண்டபம் அஸ்திவாரம்."

அவள் கை அப்படியே நின்றது. "மண்டபம் என் வீட்டுக்காரர் சொன்னதில்லையா? நீங்கதான் ஜெயிச்சீங்களே?"

"ஜெயிச்சது நான். நிலம் கொடுத்தது அவர். துரைகிட்ட எழுத்துல போயிருச்சு. வாசல்ல பேரு மட்டும்தான் மாறும்." கிசிலு பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் புரிந்தது: அத்திமரத்தடியில் தன் மானத்தை விலையாகக் கொடுத்து அவள் வாங்கியது இன்னொரு மாவேயுவை. இவருக்கு இரைச்சல் குறைவு என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

குமாஸ்தா சங்கிலியை விரித்தார். இரும்பு ஈரச் சேம்பிலைகள்மேல் சரசரத்து விழுந்தது. கலுண்டே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கத்தலாம். யார் கேட்பார்கள்?

கத்தல் மேலேயிருந்து வந்தது.

"யாருய்யா அது சங்கிலி போடுறது?"

மேட்டிலிருந்து மாவேயு இறங்கிக்கொண்டிருந்தார். கோட்டு இல்லை, பதக்கம் இல்லை. வெறும் பனியனில், சேற்றில் வழுக்கி வழுக்கி வந்தார். கிசிலுவின் சைக்கிளைப் பார்த்ததும் எட்டு வாரத்துத் துக்கம் அவருக்கு ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தது.

"நீங்க கொடுத்த நிலம்தானே, சார்ஜென்ட். ஊரறியச் சொன்னீங்க" என்றார் கிசிலு.

"ஜெயிச்சா தரேன்னேன். நான் ஜெயிச்சேனா?"

"உங்க ஓட்டே எனக்குத்தானே விழுந்தது. உங்க ஆள் ஜெயிச்சாச்சு. அப்பறம் என்ன?"

குமாஸ்தா இருமிச் சிரிப்பை மறைத்தார். மாவேயுவின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. கிசிலுவுக்கு இதைக் கொடுக்காமல் இருக்க உலகத்தில் என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் அவர் ஒரே மூச்சில் தேடினார். அவசரத்தில் கையில் அகப்பட்டது உண்மை.

"கொடுக்க நான் யாருய்யா? இது என் நிலமே இல்ல! இவ நிலம்! நான் இலங்கையில வரிசை பழக்கிக்கிட்டு இருந்தப்ப இவ கொத்துன சேறு இது! என் பிள்ளை... என் பிள்ளை ஒண்ணை இதுதான் காப்பாத்துச்சு. இன்னொண்ணு..." குரல் உடைந்தது. இருநூறு கால்களைத் திருப்பிய குரல், ஓடைச் சத்தத்துக்குள் முங்கிப் போனது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி கத்தினார்: "எழுதுய்யா, குமாஸ்தா! மாவேயுவுக்கு இந்த நிலத்துல ஒரு விரக்கடைகூட இல்லைன்னு எழுது! கேக்கணும்னா அவளைக் கேளு!"

குமாஸ்தா தயங்கித் தயங்கி எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, முதல்முறையாக அவளைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க தர்றீங்களா?"

கலுண்டே எழுந்து நின்றாள். எட்டு வருஷம் அந்தச் சேற்றில் நின்றவள். ஆனால் அவளை நிலத்துக்காரி என்று மதித்து அதுவரை யாரும் கேட்டதில்லை. 

"தரமாட்டேன்."

"எழுதியாச்சு" என்றார் குமாஸ்தா. சங்கிலியைச் சுருட்டினார். கிசிலு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஏறினார். ஏறும்போது மேட்டு நிலத்தின் உடைந்த வரப்புகளைப் பார்த்து, இங்கே ஏன் மண்டபம் கட்டக்கூடாது என்று குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டே போனார்.

மாவேயு இடுப்பில் கைவைத்து அவர்கள் போவதைப் பார்த்தார். நெஞ்சு மறுபடி விரியத் தொடங்கியது.

"பார்த்தியா? காப்பாத்திட்டேன். நான் மட்டும் அன்னிக்கு ஜெயிச்சிருந்தா இந்தக் காடு என்ன ஆயிருக்கும்? யோசிச்சுத்தான் தோத்தேன். கிசிலு பின்னால போய் நின்னது எதுக்குன்னு நினைச்சே? ஊருக்கு இதை எடுத்துச் சொல்லணும்."

"சொல்லுங்க" என்றாள் கலுண்டே.

"நீயும் சொல்லணும்."

"சொல்றேன். எல்லார்கிட்டயும் சொல்றேன்." முகத்தைத் துடைத்தாள், கையில் இருந்த சேறு கன்னத்தில் ஒட்டியது. "இப்பக் காலைக் கொஞ்சம் எடுங்க, கிமேயு அப்பா. செடிமேல நிக்கிறீங்க."

அவர் குனிந்து பார்த்தார். காலைத் தூக்கினார். அடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒற்றைக்காலில் நின்றபடி அவளைப் பார்த்தார்.

"எங்க வைக்க?"

கலுண்டே இடம் காட்டினாள்.